தவக்கால நாள் சிந்தனை: 150 சொல்லுக்குள் எப்படி எழுதுவது?

#1 அன்பியச் செயலர்

அன்பியத்தின் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வாட்ஸ்அப் குழுவில் திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய வியாழன் வரை தினம் ஒரு சிறு சிந்தனை போடுவதாகத் தீர்மானம். எழுத மூன்று பேர். படிப்பவர்களில் பாதிப் பேர் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பார்ப்பவர்கள். மீதிப் பேர் வயதானவர்கள். படிப்பதைவிடக் குரலில் கேட்பதுதான் அவர்களுக்கு வசதி.

கேட்க வேண்டியவை மூன்று. ஒரு சிந்தனை எவ்வளவு நீளம் இருக்கலாம்? அன்றைய திருப்பலியின் முதல் வாசகம், நற்செய்தி இரண்டையும் தொட வேண்டுமா? கடைசியில் "இன்று இதைச் செய்வோம்" என்று ஒரு செயல் கட்டாயமா?

புதனுக்கு எழுதிய வரைவின் தொடக்கம் கீழே. தயங்காமல் குறை சொல்லுங்கள்.

"இன்று நாம் அருளின் காலமாகிய தவக்காலத்தில் அடியெடுத்து வைக்கிறோம். செபம், தவம், தர்மம் என்னும் மூன்று தூண்களின் மேல் நம் வாழ்வைக் கட்டியெழுப்பி, பாவ வாழ்வை விட்டுப் புதுவாழ்வுக்குக் கடந்து செல்ல இறைவன் நம்மை அழைக்கிறார்..."

#2 வாசகமேடை

முதலில் எண்ணிக்கை. திருநீற்றுப் புதன் முதல் பெரிய வியாழன் வரை 44 நாள். அதில் ஞாயிறு 6, வாரநாள் 38. (பெரிய வெள்ளி, பெரிய சனி இரண்டையும் சேர்த்தால் 46. ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் வருவதுதான் 40.) வாரநாள் வாசகங்கள் எல்லா ஆண்டும் ஏறக்குறைய ஒன்றே (மூன்றாம் ஆண்டில் மட்டும் ஐந்தாம் வாரத் திங்களின் நற்செய்தி மாறும்). ஆகவே அந்த 38ஐ ஒருமுறை நன்றாக எழுதிவிட்டால் அடுத்த ஆண்டு திருத்தினால் போதும். ஞாயிறு மட்டும் மூன்றாண்டுச் சுழற்சி: 2026 முதல் ஆண்டு, 2027 இரண்டாம் ஆண்டு, 2028 மூன்றாம் ஆண்டு.

இதில் தவறுவது மார்ச் 19, மார்ச் 25 ஆகிய இரண்டு நாள்களில். புனித யோசேப்பு பெருவிழாவும் மங்கள வார்த்தைப் பெருவிழாவும் வாரநாள் வாசகத்தைத் தள்ளிவிட்டுத் தங்கள் வாசகங்களோடு வரும். 2026இல் 19ஆம் தேதி நான்காம் வார வியாழன், 25ஆம் தேதி ஐந்தாம் வாரப் புதன். 2027இல் மார்ச் 25 பெரிய வியாழனாகவே அமைவதால் மங்கள வார்த்தைப் பெருவிழா ஏப்ரல் 5க்குத் தள்ளிப்போகிறது. வரிசை எண் போட்டு எழுதி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினால், கோவிலில் ஒரு நற்செய்தியும் கைப்பேசியில் வேறொரு நற்செய்தியும் வரும். கோப்புக்குப் பெயரிடும்போதே தேதி போடாமல் "இரண்டாம் வாரம், வியாழன்" என்று வாரத்தையும் கிழமையையும் போடுங்கள்.

நீளம்: நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 தமிழ்ச் சொல் போகும். 150 சொல் என்றால் ஒன்றரை நிமிடம். குரல்பதிவுக்கு அது சரியான அளவு. 200ஐத் தாண்டினால் கேட்பவர் பாதியில் நிறுத்துவார். திருப்பலி மறையுரையே எட்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் சொன்னார். அது மேடையில் நிற்பவருக்கு. நாம் கைப்பேசியில் பேசுகிறோம்.

#3 மறைக்கல்வி ஆசிரியை

செயலர் ஐயா, வரைவில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைத் திருநீற்றுப் புதனுக்கும் போடலாம், மூன்றாம் வாரச் செவ்வாய்க்கும் போடலாம். அன்றைய வாசகத்திலிருந்து ஒரு சொல்கூட அதில் இல்லை. எந்த நாளுக்கும் பொருந்துகிற சிந்தனை எந்த நாளிலும் மனதில் ஒட்டாது.

வழி எளிது. அன்றைய பகுதியிலிருந்து ஒரே ஒரு சொல்லைப் பிடியுங்கள். பெரும்பாலும் வினைச்சொல்லாக இருந்தால் நல்லது. புதனுக்கு மத்தேயு 6:1-6, 16-18. நம் திருவிவிலியத்தில் அந்தப் பகுதியைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். "தம்பட்டம் அடிக்காதீர்கள்", "வெளிவேடக்காரர்", "முகவாட்டமாய்", "தலையில் எண்ணெய் தேய்த்து". ஒவ்வொன்றும் ஒரு சிந்தனைக்குப் போதும். கிரேக்க மூலத்தில் ஊதுகொம்பு இருக்கிற இடத்தில் தமிழ் தம்பட்டத்தை வைத்திருக்கிறது. "வெளிவேடக்காரர்" என்பதற்கான கிரேக்கச் சொல் மேடை நடிகரைக் குறிப்பது. தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே வேடம் இருப்பதால் விளக்கவுரை தேவையில்லை.

"தங்களுக்குரிய கைம்மாறு பெற்றுவிட்டார்கள்" என்பது இந்தப் பகுதியில் மூன்று முறை வருகிறது: 2, 5, 16ஆம் வசனங்கள். அங்கே உள்ள கிரேக்க வினை, பணம் முழுதும் வந்து சேர்ந்தது என்று பற்றுச்சீட்டில் எழுதுகிற சொல். கணக்குத் தீர்ந்தது, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்ற பொருள். "பெற்றுவிட்டார்கள்" என்பதில் உள்ள "விட்டார்கள்" அதைச் சரியாகவே பிடிக்கிறது.

மாதிரிக்கு ஒன்று:

"நோன்பு நாளில் தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவச் சொல்கிறார் இயேசு. நம் வீடுகளில் எண்ணெய்க் குளியல் என்றால் பண்டிகை நினைவுக்கு வரும். பட்டினி கிடக்கும் நாளைப் பண்டிகை நாள்போல வைத்துக்கொள் என்கிறது இந்த வசனம். ஏன்? வாடிய முகத்தைப் பார்த்து 'பாவம், நோன்பாம்' என்று நாலு பேர் சொல்லிவிட்டால், அந்த நோன்பின் கூலி அங்கேயே கைக்கு வந்துவிடுகிறது. தந்தையிடம் வாங்க மிச்சமில்லை. இன்று ஒருவேளை உணவைக் குறைக்கிறோம். அதனால் வீட்டில் யார்மேலும் ஒரு சிடுசிடுப்பும் விழாமல் போனால், எண்ணெய் தேய்த்தாயிற்று."

ஐம்பது சொல்லுக்குச் சற்று மேல்தான் வருகிறது. இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

#4 இளையோர் இயக்கம்

ஆசிரியை அம்மா, ஒரு சந்தேகம். முகத்தைக் கழுவு, யாருக்கும் தெரியாமல் இரு என்கிறது நற்செய்தி. அதே திருப்பலியில் நெற்றியில் சாம்பல் பூசி அனுப்புகிறோம். இளைஞர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். என்ன சொல்வது?

#5 குருமாணவர்

நல்ல கேள்வி. இதை மழுப்பாமல் அப்படியே ஒரு சிந்தனையாக்கலாம்.

சாம்பல் நம் சாதனையின் அடையாளம் அன்று. நோன்பிருந்தவருக்கும் இராதவருக்கும், கைக்குழந்தைக்கும் தொண்டு கிழவருக்கும் ஒரே சாம்பல். பூசும்போது சொல்லப்படுவது இரண்டில் ஒன்று: மனம் மாறி நற்செய்தியை நம்பும்படியான அழைப்பு (மாற்கு 1:15), அல்லது மண்ணுக்குத் திரும்புவோம் என்ற நினைவூட்டல் (தொடக்கநூல் 3:19). இரண்டிலும் யாரையும் பாராட்டும் சொல் இல்லை. இறந்துபோவேன் என்பதை நெற்றியில் எழுதிக்கொண்டு நடப்பதில் பெருமைக்கு இடம் எங்கே? சென்ற ஆண்டுக் குருத்தோலையை எரித்துத்தான் அந்தச் சாம்பல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓசன்னா பாடிப் பிடித்த ஓலை அது.

ஆனாலும் சாம்பலே காட்சிப் பொருளாகிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் திருச்சபை அந்த நாளுக்கு இந்த நற்செய்தியை வைத்திருக்கிறது என்பது என் கருத்து. சாம்பல் நெற்றியோடு படம் எடுத்து நிலைத்தகவலில் போடுவது பற்றி ஒரு வரி எழுதலாம். யாரையும் குத்தாமல் எழுதுங்கள்.

செயலரின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். ஆண்டின் பொதுக்கால வாரநாள்களில் முதல் வாசகம் தன்பாட்டுக்கு ஒரு நூலைத் தொடர்ந்துகொண்டு போகும். நற்செய்தியோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. தவக்காலத்தில் அப்படி அன்று. இரண்டையும் ஒன்றுக்கொன்று பேசும்படி தேர்ந்திருக்கிறார்கள். அந்த மூட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. சில இடங்கள்:

முதல் வாரச் செவ்வாய்: எசாயா 55:10-11, மத்தேயு 6:7-15. மழை இறங்கி மண்ணை நனைக்காமல் மேலே திரும்புவதில்லை, கடவுளின் சொல்லும் அப்படியே என்கிறது ஒன்று. பிற இனத்தவரைப் போலப் பிதற்ற வேண்டாம் என்கிறது மற்றது. அவருடைய ஒரு சொல், நம்முடைய நூறு சொல். மூட்டு அங்கே.

இரண்டாம் வார வெள்ளி: யோசேப்பைச் சகோதரர்கள் விற்கும் பகுதி (தொடக்கநூல் 37), கொடிய குத்தகைக்காரர் உவமை (மத்தேயு 21). தூரத்தில் வரும் தம்பியைப் பார்த்து அண்ணன்மார் "வாருங்கள், கொன்றுபோடுவோம்" என்கிறார்கள். மகனைப் பார்த்துக் குத்தகைக்காரர் சொல்வதும் அதே. மத்தேயுவின் கிரேக்கமும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள தொடக்கநூல் 37:20உம் சொல்லுக்குச் சொல் ஒன்றே. தற்செயல் அன்று. யோசேப்பு 20 வெள்ளிக்காசுக்குப் போகிறார். புனித வாரப் புதனன்று வாசிக்கும் மத்தேயு 26இல் இயேசு 30க்குப் போகிறார். வெள்ளியன்று இதைத் தொட்டு வைத்தால், புதனன்று ஒரு வரியில் நினைவூட்டலாம்.

மூன்றாம் வாரத் திங்கள்: நாமானின் தொழுநோய் நீங்கும் பகுதி, லூக்கா 4:24-30. இங்கே மூட்டைத் தேடவே வேண்டாம். இயேசுவே நாமான் பெயரைச் சொல்கிறார்.

நான்காம் வாரத் திங்களிலிருந்து யோவான் நற்செய்தி ஏறக்குறையத் தொடர்ச்சியாக ஓடும். அதன் பிறகு மூட்டு தளர்வாக இருக்கும் நாள்கள் உண்டு. அங்கே வலிந்து இணைக்காதீர்கள். நற்செய்தியை மட்டும் எடுங்கள்.

#6 வாசகமேடை

வசன எண்ணில் விழும் குழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வாசகப் பட்டியலிலிருந்து எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். திருப்பாடல் 51இன் தலைப்பை இரண்டு வசனமாக எண்ணுகிற பதிப்புகள் உண்டு. அவற்றில் 12ஆம் வசனமாக வருவது நம் திருவிவிலியத்தில் 10ஆவது: "கடவுளே! தூயதோர் உள்ளத்தை என்னுள்ளே படைத்தருளும்". எண்ணை நம்பித் தேடுபவர் வேறு வரியைப் படித்துக் குழம்புவார்.

இன்னொன்று. மூன்றாம் வாரச் செவ்வாயன்று அசரியாவின் மன்றாட்டு, ஐந்தாம் வாரத் திங்களன்று சூசன்னா. தானியேல் நூலைப் புரட்டி 13ஆம் அதிகாரம் தேடினால் கிடைக்காது. நம் பதிப்பில் இவை இணைத் திருமுறை நூல்கள் பகுதியில் "தானியேல் இணைப்புகள்" என்று தனியே இருக்கின்றன. முதல் வார வியாழனன்று வரும் எஸ்தரின் மன்றாட்டும் அப்படியே. கிரேக்க எஸ்தரில் பாருங்கள். சிந்தனையின் தலைப்பிலேயே இந்த விவரத்தைப் போட்டுவிட்டால் கேள்வி வராது.

#7 அன்பியச் செயலர்

மிகவும் பயனுள்ளது. மூன்றாம் வாரச் செவ்வாய் நற்செய்தி, மன்னிக்காத பணியாளர் (மத்தேயு 18:21-35), எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். "சின்னச் சின்ன மனத்தாங்கல்களை மன்னிப்போம்" என்று எழுதலாம் என நினைக்கிறேன்.

#8 வாசகமேடை

அந்தத் தலைப்பு உவமையைக் கெடுத்துவிடும். கணக்கைப் பாருங்கள்.

தெனாரியம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். பணியாளன் அரசருக்குப் பட்ட கடன் பத்தாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தால் இரண்டு லட்சம் ஆண்டு ஆகும். "எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்று அவன் சொல்வதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்பது கேட்டவர்களுக்கு உடனே புரிந்திருக்கும்.

இப்போது மற்றக் கடன், சகபணியாளன் அவனுக்குத் தர வேண்டிய நூறு தெனாரியம். அது நூறு நாள் கூலி. ஒரு நாள் கூலியை 500 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 50,000 ரூபாய். உழைக்கும் வீட்டுக்கு அது சின்னத் தொகையா? பெண்ணின் கல்லூரிக் கட்டணம், கூரை மாற்றும் செலவு. அதே கணக்கில் முதல் கடன் 3,000 கோடி.

ஆகவே இயேசு மன்னிக்கச் சொல்வது மெய்யாகவே வலிக்கிற கடனை. உனக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை. ஐம்பதாயிரம் போனால் போனதுதான். ஆனால் மூவாயிரம் கோடி தள்ளுபடியாகி வெளியே வந்த வாசலிலேயே அவன் சகபணியாளனின் கழுத்தை நெரிக்கிறான். "சின்ன மனத்தாங்கல்" என்று எழுதினால், பெரிய காயத்தோடு படிப்பவர் இது தனக்கில்லை என்று கடந்துபோவார். அவருக்குத்தான் இது முதலில் தேவை.

#9 மறைக்கல்வி ஆசிரியை

இதோடு ஒரு எச்சரிக்கை சேருங்கள். வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்கு இந்த உவமையைக் காட்டி "மன்னித்துப் பொறுத்துப் போ" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. உவமையில் கடன் தள்ளுபடியாகிறது. கழுத்தை நெரிப்பவனைத் தொடர்ந்து நெரிக்க விடுவதில்லை. உடன்பணியாளர்கள் பார்த்து வருந்தி, போய்ச் சொல்கிறார்கள் (18:31). அந்த வசனத்தை விட்டுவிடாதீர்கள்.

பெண்கள் வரும் பகுதிகளுக்கு இன்னும் இரண்டு.

மூன்றாம் ஞாயிறு, முதல் ஆண்டு: சமாரியப் பெண். அவரை விலைமகளாக்கி எழுதாத ஆள் குறைவு. யோவான் 4இல் அப்படி ஒரு சொல்லும் இல்லை. ஐந்து கணவர் இருந்தார்கள், இப்போது இருப்பவர் கணவர் அல்ல என்பது மட்டும்தான் இருக்கிறது. சாவாக இருக்கலாம், தள்ளிவைத்ததாக இருக்கலாம். அந்நாளில் தள்ளிவைக்கும் உரிமை ஆணிடம் இருந்தது. இயேசு அங்கே "இனிப் பாவம் செய்யாதே" என்றும் சொல்லவில்லை. "அம்மா, என்னை நம்பும்" என்கிறார். முந்தைய அதிகாரத்தில் யூதத் தலைவர் நிக்கதேம் இரவில் வருகிறார், இவர் நண்பகலில். நிக்கதேம் "எப்படி முடியும்?" என்ற கேள்வியோடு அந்த உரையாடலிலிருந்து மறைகிறார், இவர் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் போய் எல்லாரையும் அழைத்து வருகிறார். அந்தக் குடம் (4:28) ஒன்றை வைத்தே 150 சொல் எழுதலாம். தண்ணீர் எடுக்க வந்தவர் குடத்தை மறந்தார் என்றால் தாகம் எங்கே போயிற்று?

ஐந்தாம் வாரத் திங்கள்: யோவான் 8:1-11, விபசாரத்தில் பிடிபட்ட பெண். இங்கே பலரும் செய்வது, இயேசு தரையில் என்ன எழுதினார் என்று தாங்களே எழுதுவது. குற்றம் சாட்டியவர்களின் பாவப் பட்டியலை எழுதினார் என்று அடித்துச் சொல்வார்கள். நற்செய்தியில் அது இல்லை. இல்லாததை எழுதுவதற்குப் பதில் இல்லாத ஆளைத் தேடுங்கள்: அந்த ஆண் எங்கே? லேவியர் 20:10 இருவரையும்தான் சொல்கிறது. பிடித்து வந்தவர்கள் ஒருவரைத்தான் கொண்டுவந்தார்கள்.

மொழியையும் கவனியுங்கள். நம் திருவிவிலியத்தில் இயேசு அவரை "நீர்" என்று பேசுகிறார்: "நீர் போகலாம். இனிப் பாவம் செய்யாதீர்." நாம் கதையைத் திருப்பிச் சொல்லும்போது "அவள்", "நீ போ" என்று இறங்கிவிடுகிறோம். தமிழில் அந்த ஒரு விகுதியிலேயே தீர்ப்பு ஏறிவிடுகிறது. கூட்டம் நடத்திய விதத்தில் நாமும் நடத்துகிறோம்.

மகதலா மரியாவை இந்தப் பெண்ணோடும் லூக்கா 7இல் வரும் பெண்ணோடும் சேர்க்க வேண்டாம். நற்செய்தியில் மூவரும் ஒருவர் என்று எங்கும் இல்லை.

#10 இளையோர் இயக்கம்

அப்படியானால் இலாசரும்? இரண்டாம் வார வியாழனில் ஒரு இலாசர், ஐந்தாம் ஞாயிற்றில் இன்னொருவர். பிள்ளைகள் ஒருவரே என்று நினைக்கிறார்கள்.

#11 மறைக்கல்வி ஆசிரியை

வேறு வேறு, தம்பி. லூக்கா 16இல் வருபவர் உவமைப் பாத்திரம். யோவான் 11இல் வருபவர் பெத்தானியாவில் மார்த்தா, மரியாவின் சகோதரர். முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

#12 குருமாணவர்

"யூதர்" என்ற சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். நான்காம் வாரத்திலிருந்து யோவானில் இது அடிக்கடி வரும், பெரிய வெள்ளிப் பாடுகளில் உச்சம். சிந்தனையில் "யூதர்கள் இயேசுவைக் கொல்லத் தேடினார்கள்" என்று பொதுவாக எழுதிவிடுகிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையின் 4ஆம் எண்ணில் தெளிவாகச் சொன்னது: பாடுகளில் நடந்ததை அன்று வாழ்ந்த யூதர் எல்லார்மேலும் வேறுபாடின்றிச் சுமத்தக் கூடாது, இன்றைய யூதர்மேலும் சுமத்தக் கூடாது.

யோவானிலேயே சான்று இருக்கிறது. 9:22இல் பார்வையற்றவரின் பெற்றோர் யூதருக்கு அஞ்சினர் என்று வருகிறது. அந்தப் பெற்றோரும் யூதர்தாமே! ஆக அங்கே அந்தச் சொல் அதிகாரத்தில் இருந்த தலைவர்களைக் குறிக்கிறது. இயேசு, அன்னை மரியா, பன்னிருவர் எல்லாரும் யூதர். ஆகவே "எருசலேமின் தலைவர்கள்", "அதிகாரிகள்" என்று இடத்துக்கேற்ப எழுதுங்கள். பரிசேயரைப் பற்றியும் இதே கவனம். "அவர்கள் வெளிவேடக்காரர்" என்று முடித்தால் படிப்பவர் தப்பித்துவிடுகிறார். மூன்றாம் வாரச் சனி உவமையில் (லூக்கா 18:9-14) பரிசேயர் வாரம் இருமுறை நோன்பிருந்தார், வருவாயில் பத்தில் ஒன்று கொடுத்தார். நாம் தவக்காலத்தில்கூட அந்த அளவுக்கு வருவதில்லை. அவர் செய்ததில் குறையில்லை. "இந்த வரிதண்டுபவரைப் போல இல்லை" என்ற ஒப்பீட்டில்தான் வழுக்கினார். "நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லை" என்று நாம் முடித்தால் அதே இடத்தில் வழுக்குகிறோம்.

#13 அன்பியச் செயலர்

மூன்றாம் கேள்வி பாக்கி. ஒவ்வொரு நாளும் ஒரு செயல் வேண்டுமா?

#14 குருமாணவர்

வேண்டும் என்பேன். வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், உற்றுநோக்கல் என்ற நான்கு படிகளோடு இறைவார்த்தை வாசிப்பு முடிவதில்லை, செயலில்தான் முடிகிறது என்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2010இல் இறைவார்த்தை பற்றிய ஊக்கவுரையின் 87ஆம் எண்ணில் எழுதுகிறார்.

#15 வாசகமேடை

செயல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நாளுக்கு ஒன்று என்பதில்தான் உடன்பாடில்லை. 38 வாரநாளுக்கு 38 செயல் கொடுத்தால் பத்தாம் நாளுக்குள் எல்லாரும் கைவிடுவார்கள். "ஒரு நோயாளியைச் சந்திப்போம்" என்று செவ்வாய் சொல்லி, "ஓர் ஏழைக்கு உணவளிப்போம்" என்று புதன் சொன்னால் இரண்டும் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கு ஒரு செயல் சொல்லுங்கள்; வாரநாளில் ஒரு கேள்வியோடு நிறுத்துங்கள். செயல் தேதியும் ஆளும் தொகையும் உள்ளதாக இருக்கட்டும்.

திருநீற்றுப் புதனுக்குப் பின் வரும் வெள்ளியின் எசாயா 58ஐப் பாருங்கள். நோன்பு நாளில் வேலையாள்களை ஒடுக்குகிறீர்கள் என்கிறார் இறைவாக்கினர் (58:3). இதிலிருந்து "நீதியை நிலைநாட்டுவோம்" என்று எழுதினால் காற்றில் போய்விடும். "வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு இந்த மாதச் சம்பளம் பாக்கி இருக்கிறதா? இன்று மாலைக்குள் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதினால் எசாயா சொன்ன இடத்தில் நிற்கிறோம்.

#16 மறைக்கல்வி ஆசிரியை

வாசகமேடை சொல்வதே நடக்கக்கூடியது. 58:7இன் கடைசிப் பகுதியையும் பாருங்கள்: சொந்த இரத்த உறவுக்கு முகத்தை மறைக்காதே என்கிறது. தர்மம் என்றால் நமக்குத் தெரியாத ஏழைதான் நினைவுக்கு வருகிறார். பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி அந்த வசனத்துக்குள் வருகிறார்கள்.

#17 குருமாணவர்

வாரத்துக்கு ஒன்று என்பதை ஏற்கிறேன். ஆனால் வெள்ளிதோறும் சுத்தபோசனம் (இறைச்சியைத் தவிர்த்தல்) இருப்பதால், அந்த நாளுக்கு மட்டும் தனியாக ஒரு வரி வேண்டும்: மீன், இறைச்சிக் கடையில் மிச்சமான காசு எங்கே போகிறது என்று.

#18 இளையோர் இயக்கம்

விதியைச் சுருக்கமாக யாராவது சொல்லுங்கள். ஒருசந்தி எந்த நாள், யாருக்கு என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள்.

#19 வாசகமேடை

திருச்சபைச் சட்டம் 1251, 1252. ஒருசந்தியும் சுத்தபோசனமும் சேர்ந்து திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள். சுத்தபோசனம் வெள்ளிதோறும். ஒருசந்தி 18 வயது நிறைந்தவர் முதல் 59 நிறையும்வரை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர் முதல். ஒருசந்தி என்றால் ஒரு முழு உணவு. காலையிலும் மாலையிலும் சிறிது உண்ணத் தடையில்லை என்று திருத்தந்தை 6ஆம் பவுல் 1966இல் ஒழுங்கு செய்தார். பொதுச் சட்டம் தடுப்பது இறைச்சியை, மீனை அல்ல. நம்மில் பலர் மீனையும் விடுவது நல்ல வழக்கம், ஆனால் விடாதவரைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் மறைமாவட்டச் சுற்றறிக்கையையும் பாருங்கள், ஆயர்கள் மாற்று ஒழுங்கு தரலாம். பெருவிழா வெள்ளியில் வந்தால் சுத்தபோசனம் கட்டாயமில்லை. 2027 மார்ச் 19 அப்படி ஒரு வெள்ளி.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள் உணவைக் குறைக்க வேண்டாம் என்று திருநீற்றுப் புதன் சிந்தனையின் அடியிலேயே போடுங்கள். வயதானவர்கள் சொல்லாமல் மாத்திரையைத் தவிர்த்துவிடுவார்கள்.

#20 அன்பியச் செயலர்

இவ்வளவையும் வைத்துக்கொண்டு இரண்டாம் வார வியாழனுக்கு எழுதிப் பார்த்தேன். எரேமியா 17:5-10, லூக்கா 16:19-31.

"செல்வருக்கும் இலாசருக்கும் இடையில் இந்த உலகில் இருந்தது ஒரு வாயில் மட்டும். (பெத்தானியா இலாசர் வேறு, இவர் உவமையில் வருபவர்.) செல்வர் அவரை அடித்து விரட்டியதாக இயேசு சொல்லவில்லை. சாப்பிட்டார், உடுத்தினார், வாயிலைக் கடந்து போனார், வந்தார். இயேசு தம் உவமைகளில் பெயர் கொடுத்தது இலாசர் ஒருவருக்குத்தான், செல்வருக்குப் பெயரில்லை. ஆனால் பாதாளத்தில் செல்வர் 'இலாசரை அனுப்பும்' என்கிறார். பெயர் தெரிந்திருக்கிறது! தெரிந்தும் ஒரு முறைகூட அழைக்கவில்லை. இப்போதும் தண்ணீர் கொண்டுவரும் ஆளாகத்தான் அழைக்கிறார். இதயமே அனைத்திலும் வஞ்சகமானது என்கிறார் எரேமியா. தினம் பார்ப்பவரைப் பார்க்காமலிருக்கப் பழக்கிவிடுவதுதான் அந்த வஞ்சகம். நம் வாசலுக்கு வரும் யாருடைய பெயர் நமக்குத் தெரியாது?"

#21 மறைக்கல்வி ஆசிரியை

நன்றாக வந்திருக்கிறது ஐயா. ஒன்றே ஒன்று. நடுவில் பெயர் தெரிந்தும் அழைக்கவில்லை என்கிறீர்கள். கடைசிக் கேள்வி பெயர் தெரியாதவரைப் பற்றிக் கேட்கிறது. செல்வருக்குத் தெரிந்திருந்ததே. "பெயர் தெரிந்தும் நாம் அழைக்காமல் கடந்துபோகிறவர் யார்?" என்று கேளுங்கள், உவமையோடு பொருந்தும்.

#22 வாசகமேடை

குரல்பதிவில் "இலாசரை அனுப்பும்" என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்துங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பதிவில் விட்டுவிட்டு, எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாசித்தால் ஓட்டம் அறுகிறது.

#23 அன்பியச் செயலர்

இரண்டையும் மாற்றிவிட்டேன். கோப்பின் பெயர்: "இரண்டாம் வாரம், வியாழன்". ஞாயிறு ஆறையும் ஆசிரியை அம்மா பார்த்துத் தர முடியுமா? முதல் ஆண்டு வாசகங்கள்.

#24 மறைக்கல்வி ஆசிரியை

அனுப்புங்கள். குருத்து ஞாயிற்றை மட்டும் 80 சொல்லுக்குள் வையுங்கள். அன்று மத்தேயுவின் பாடுகளை முழுதாக வாசிப்பார்கள், அதன்மேல் நாம் அதிகம் பேச வேண்டாம்.